காஸிலிருந்து கரண்டுக்கு: திருகோணமலை ஊர்ச் சங்கங்களுக்கான முழுமையான வழிகாட்டி

வீடு, கோயில், பள்ளிவாசல், பாடசாலை என்று ஊரிலுள்ள கட்டடங்களை மின்மயமாக்கிக் காபனைக் குறைக்கப் புறப்படும் சங்கம் முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் கம்பியில் வரும் கரண்ட் எல்லா நேரமும் ஒரே கரண்ட் அல்ல. பகல் 11 மணிக்கு வருவதில் கூரைச் சோலாரின் பங்கு கணிசமானது. இரவு 7 மணிக்குச் சூரியன் இல்லை, தேவையோ உச்சத்தில் நிற்கும். அந்த நேரம் நீர்மின்சாரத்தோடு நுரைச்சோலை நிலக்கரியும் எண்ணெயில் ஓடும் நிலையங்களும் சேர்ந்துதான் சமாளிக்கின்றன.

இதன் விளைவைக் கணக்காகவே பாருங்கள். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்றை எரித்து முடித்தால் ஏறத்தாழ 37 கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகும். அதே சமையலை இன்டக்‌ஷன் அடுப்பில் செய்ய 100 யூனிட் வரை வேண்டும். நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்க ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவும், எண்ணெயில் எடுக்க 700 கிராம் அளவிலும் காபனீரொட்சைட்டு போகும். ஆகவே காஸ் அடுப்பைத் தூக்கி வைத்துவிட்டு இரவுச் சமையலை இன்டக்‌ஷனுக்கு மாற்றினால் காபன் குறையாது, இரட்டிப்பாகவும் கூடும். அதே 100 யூனிட்டைப் பகலில் கூரை உபரியில் செலவழித்தால் கிட்டத்தட்ட ஒன்றும் சேராது.

பகலில் உபரி இருப்பதும் உண்மை. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் தேவை விழுந்தபோது, கூரைச் சோலார் வைத்திருப்போரிடம் பகலில் அதை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையே கேட்டுக்கொண்டது. மூதூர்ப் பக்கம் சம்பூரில் திட்டமிட்டிருந்த நிலக்கரி நிலையம் 2016இல் கைவிடப்பட்டு, அங்கே 120 மெகாவாட் சோலார் திட்டம் 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அதுவும் பகல் மின்சாரம்தான்.

எனவே வேலையின் ஒழுங்கு இது: விரயத்தை வெட்டுதல், வயரிங்கைச் சரிசெய்தல், பகலுக்கு மாற்றக்கூடியதை மாற்றுதல், டீசல் ஜெனரேற்றரை ஒழித்தல், அதன் பிறகு மதியச் சமையல், கடைசியில் கூரை. பனல் விற்பவர்கள் கடைசியை முதலில் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

1. எல்லையை டிரான்ஸ்போமரால் போடுங்கள்

கிராம அலுவலர் பிரிவு, கோயில் வட்டாரம் என்று எல்லை போட்டால் பின்னால் சிக்கல் வரும். வோல்டேஜ் கூடுவதும் குறைவதும் ஒரு டிரான்ஸ்போமருக்குக் கீழேதான் நடக்கிறது. ஆகவே ஒரே டிரான்ஸ்போமரில் தொங்கும் வீடுகளும் பொதுக்கட்டடங்களும் ஒரு குழு. டிரான்ஸ்போமரின் தகட்டில் 100 கே.வி.ஏ., 160 கே.வி.ஏ. என்று கொள்ளளவு இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஒழுங்கை வரை அதன் கம்பி போகிறது என்பதை மீற்றர் வாசிக்க வருபவரோ மின்சாரக் கந்தோரோ சொல்லும். கம்பத்தில் ஏறிப் பார்க்கும் வேலை வேண்டாம்.

குழுவுக்கு ஐந்து பேர் போதும்: தகுதிபெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர், கணக்கு எழுதுபவர், மீற்றர் வாசிப்புகளைச் சேர்க்கும் இளையவர் ஒருவர், கோயில் பரிபாலன சபையிலோ பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையிலோ இருந்து ஒருவர், மாதர் சங்கத்திலிருந்து ஒருவர். கடைசியாகச் சொன்னவரை அலங்காரத்துக்குச் சேர்க்காதீர்கள். சமைப்பவர் இல்லாமல் சமையலறையைப் பற்றி முடிவெடுக்கும் குழு முதல் மாதத்திலேயே படுத்துவிடும்.

2. ஏழு நாள் அளவெடுப்பு

மாத பில்லில் மொத்த யூனிட் மட்டும்தான் தெரியும், நேரம் தெரியாது. ஆகவே ஒவ்வொரு வீடும் ஏழு நாளுக்கு மூன்று நேரம் மீற்றரைப் பார்த்து எழுத வேண்டும்: காலை 5.30, மாலை 6.30, இரவு 10.30. நேரவாரிக் கட்டணத்தில் பகல், உச்சம், இரவு என்று பிரிக்கும் எல்லைகளும் இவையே. எழுதச் சோம்பலானவர்கள் கைப்பேசியில் மீற்றரைப் படம் பிடித்துக் குழுவுக்கு அனுப்பட்டும், படத்தில் நேரம் இருக்கும்.

கூடவே கேட்க வேண்டியவை: காஸ் சிலிண்டர் எத்தனை நாள் போகிறது, விறகா காஸா, மண்ணெண்ணெய் மாதம் எத்தனை லீற்றர், கிணற்று மோட்டர் எத்தனை குதிரைவலு, எந்த நேரம் போடுகிறார்கள், பிரிட்ஜ் எத்தனை வருடப் பழையது, ஏசி இருந்தால் அதன் காஸ் வகை என்ன. பொதுக்கட்டடமென்றால் ஜெனரேற்றரின் கொள்ளளவும் கடந்த 12 மாத டீசல் பில்லும்.

இன்னொரு அளவு இரவு 7 மணிக்கு எடுக்க வேண்டியது. கம்பியின் கடைசி முனையிலுள்ள இரண்டு மூன்று வீடுகளில் மல்ரிமீற்றரால் வோல்டேஜைப் பாருங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 200க்குக் கீழ் காட்டினால், இன்டக்‌ஷன், ஏசி என்ற பேச்சை அங்கே தொடங்கும் முன் மின்சாரக் கந்தோருக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். தனித்தனியாகப் போனால் இழுபடும். ஒரே டிரான்ஸ்போமரின் 40 வீடு கையொப்பமிட்டு, ஏழு நாள் வாசிப்பையும் இணைத்துக் கொடுக்கும் கடிதத்தைத் தட்டிக்கழிப்பது கடினம்.

3. விரயத்தை வெட்டுதல்

திருகோணமலையில் வீட்டுக் கரண்டைச் சத்தமில்லாமல் தின்பது மின்விசிறி. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அது நிற்பதே இல்லை. பழைய கூரைவிசிறி 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. (தூரிகையில்லா) மோட்டர் விசிறி அதே காற்றுக்கு 30 வாட் அளவில் போதும். நான்கு விசிறி, நாளுக்கு 12 மணி நேரம் என்றால் ஒரு நாளில் 2.16 யூனிட், மாதத்தில் 65 யூனிட் மிச்சம். அதில் பெரும்பகுதி மாலையிலும் இரவிலும் மிச்சமாவது. இந்த 65ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சமையல் பகுதியில் தேவைப்படும்.

வாங்கும்போது ரிமோட் இல்லாமலும் சுவர்ச் சுவிச்சாலேயே வேகத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். ரிமோட் தொலைந்த வீட்டில் விசிறி முழு வேகத்தில் மட்டுமே ஓடும், பிறகு பழையதைத் தேடி மாட்டுவார்கள். பழைய ரெகுலேற்றரைக் கழற்றாமல் பி.எல்.டி.சி. விசிறியைப் பொருத்தினால் அதன் மின்னணுப் பலகை கெட்டுப்போகும். நேரடிச் சுவிச்சுக்கு மாற்றியே பொருத்த வேண்டும்.

பிரிட்ஜ் அடுத்தது. கதவின் றப்பருக்கு இடையில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் றப்பர் போய்விட்டது. பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால் பத்து சென்ரிமீற்றர் முன்னே இழுத்து வையுங்கள். பழைய பிரிட்ஜ் நாளுக்கு இரண்டு யூனிட் தாண்டும், இன்வேட்டர் வகை புதியது ஒரு யூனிட்டுக்குள் முடித்துவிடும்.

ஏசி உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு. ஆர்-410ஏ காஸ் ஒரு கிலோ காற்றில் கசிந்தால் அது 2,088 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். ஒரே கசிவில் 55 சமையல் சிலிண்டர் எரித்த சேதம். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடற்கரையோர அறைகளில் வெளி யூனிட்டின் சுருள் உப்பில் அரித்து ஓட்டையாவது சாதாரணம். இரண்டு வாரத்துக்கொரு முறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவினால் ஆயுள் கூடும். குளிர் குறைந்தவுடன் காஸ் ஏற்றிவிட்டுப் போகும் திருத்துநரை அழைக்காதீர்கள். முதலில் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைப்பவரை அழையுங்கள். புதிதாக வாங்குவோர் ஆர்-32 வகையைக் கேளுங்கள், அதன் சேதம் காபனீரொட்சைட்டைப் போல் 675 மடங்கு மட்டுமே.

சிலாப் கூரைக்கு வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சு, தகரக் கூரைக்குக் கீழே காற்று இடைவெளி விட்டு சீலிங். இவற்றைச் செய்த அறையில் ஏசி பற்றிய பேச்சே பாதி அடங்கிவிடும்.

4. வயரிங்: இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது

ஒற்றைக்கட்ட (சிங்கிள் பேஸ்) 30 அம்பியர் இணைப்பு என்றால் மொத்தம் 6.9 கிலோவாட்தான். இன்டக்‌ஷன் 2 கிலோவாட், கேத்தில் 2 கிலோவாட், உடனடி ஷவர் ஹீற்றர் 3.5 கிலோவாட் என்று மூன்றையும் ஒன்றாகப் போட்டாலே எல்லை தாண்டும், பிறேக்கர் விழக்கூடும். ஷவர் ஹீற்றரும் அடுப்பும் ஒரே நேரம் வேண்டாம் என்ற வீட்டு விதி, மூன்றுகட்ட இணைப்புக்குச் செலவழிப்பதைவிட மலிவு.

எலக்ட்ரீஷியனிடம் கொடுக்க வேண்டிய பட்டியல்:

- லைற் சுற்றுக்கு 1/1.13 வயர், 6 அல்லது 10 அம்பியர் பிறேக்கர்.
- ஒற்றை இன்டக்‌ஷனுக்குத் தனிச் சுற்று, 7/0.67 வயர், 16 அம்பியர் பிறேக்கர், சதுர முள் 13 அம்பியர் சொக்கற்.
- 3.5 கிலோவாட் அளவில் இழுக்கும் இரட்டை அடுப்பு, ஹீற்றர் என்றால் 7/0.85 வயர், 20 அம்பியர் பிறேக்கர், சொக்கற் இல்லாமல் நேரடியாக இரட்டைமுனைச் சுவிச்.
- வீடு முழுவதற்கும், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்.

பழைய வீடுகளில் வட்ட முள் சொக்கற்றில் சதுர முள் அடப்ரர் செருகி, அதில் மல்ரி பிளக் போட்டு இன்டக்‌ஷனை ஓட்டுவார்கள். 2 கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 9 அம்பியர் ஓடும். தளர்ந்த முள்ளில் பத்து நிமிடத்தில் பிளாஸ்ரிக் மணக்கும். பாவித்து அரை மணி நேரத்தில் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அந்தச் சொக்கற்றை அன்றே மாற்ற வேண்டும்.

ஏர்த் தான் இங்கே பெரிய ஓட்டை. கடற்கரை மணலில் நான்கடிச் செப்புக் கோல் மாரியில் நன்றாக வேலை செய்யும். ஓகஸ்டில் மணல் காய்ந்தவுடன் அதன் தடை பல மடங்கு ஏறும். கோலை இன்னும் ஆழம் இறக்குங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது கோலைக் குறைந்தது கோலின் நீள இடைவெளியில் அடித்து இணையுங்கள். ஏர்த் சோதனைக் கருவியால் 10 ஓமுக்குக் கீழ் வருகிறதா என்று பார்ப்பது நல்லது. அளக்க வேண்டியது காய்ந்த மாதத்தில். ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும், விழாவிட்டால் மாற்ற வேண்டும். அடிக்கடி விழுகிறது என்று ட்ரிப் சுவிச்சைக் கழற்றி நேரடியாக இணைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. உயிர் போகும் வேலை அது.

5. பகலுக்கு மாற்றுதல்

செலவே இல்லாத படி. கிணற்று மோட்டரை மாலை 6.30க்குப் பின் போடாமல் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் போட்டால் போதும். 1,000 லீற்றர்த் தாங்கி பெரும்பாலான குடும்பத்துக்கு அடுத்த நாள் பகல் வரை தாங்கும். மறதி உள்ள வீட்டுக்கு டைமரும் மிதவைச் சுவிச்சும். ஓகஸ்ட், செப்டெம்பரில் கிணறு இறங்கும்போது வறண்டு ஓடி மோட்டர் எரியாமல் இருக்கக் கிணற்றுக்குள்ளும் ஒரு மிதவை வேண்டும். மினுக்குப்பெட்டி போடுவதை ஞாயிறு முற்பகலில் ஒரே தடவையில் முடிக்கலாம்.

விருந்தினர் விடுதிகளுக்கு வெந்நீர்தான் பெரிய இடம். பத்து அறைக்கு நாளுக்கு 500 லீற்றரை 28 பாகையிலிருந்து 55 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 16 யூனிட் வெப்பம் வேண்டும். சாதாரணக் கம்பிச்சுருள் ஹீற்றர் அந்த 16ஐயும் கரண்டாகவே எடுக்கும். வெப்பப் பம்பு 4 முதல் 5 யூனிட்டில் அதைச் செய்யும், பகல் 10 முதல் 3 வரை மட்டும் ஓடும்படி வைக்கலாம். தண்ணீர் காவியாக, சுண்ணாம்போடு வரும் கிணறென்றால் வருடாவருடம் உட்சுருளை அமிலம் ஓட்டிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் வெப்பத்தின் ஒரு பகுதி படிவில் போகும்.

நேரவாரிக் கட்டணத்துக்கு மாறுவது பகலுக்கு மாறிய பிறகே லாபம். மாலை உச்ச விலை கடுமையானது. உங்கள் ஏழு நாள் வாசிப்பில் 6.30க்கும் 10.30க்கும் இடையிலான பங்கு நான்கில் ஒன்றுக்கு மேல் இருந்தால் அவசரப்பட வேண்டாம்.

6. டீசல் ஜெனரேற்றரை ஒழியுங்கள்

உடனடியாகக் காபன் குறையும் இடம் இதுதான், யோசிக்கவே வேண்டாம். ஒரு லீற்றர் டீசல் 2.7 கிலோ காபனீரொட்சைட்டு, அதிலிருந்து நல்ல ஜெனரேற்றர் எடுக்கும் மின்சாரம் மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல். குறைந்த சுமையில் ஓடினால் அதுவும் வராது. திருவிழாவுக்கு 25 கே.வி.ஏ. ஜெனரேற்றரை வாடகைக்கு எடுத்து நான்கைந்து கிலோவாட் மட்டும் ஓட்டும்போது, டீசலின் பெரும்பகுதி எந்திரத்தைச் சுழற்றவே போகிறது.

வழி இரண்டு படியில். முதலில் சுமையைச் சுருக்குங்கள்: ஹலஜன் விளக்கு, ரியூப்லைற் வளைவு எல்லாவற்றையும் எல்.ஈ.டி.க்கு மாற்றினால் மண்டபமும் வீதியும் 500 வாட்டில் அடங்கலாம். ஐந்து மணி நேரத்துக்கு 2.5 யூனிட். பிறகு பற்றரி: 48 வோல்ட் 100 அம்பியர்மணி லித்தியம் அயன் பொஸ்பேற் ஒன்று 5 யூனிட் வைக்கும், அதில் 4 யூனிட்டைத் தயக்கமின்றி எடுக்கலாம். இதையே ரியூபுலர் பற்றரியில் செய்ய 150 அம்பியர்மணி 12 வோல்ட் பற்றரிகள் நான்கைந்து வேண்டும். பாதிக்கு மேல் இறக்கினால் அவை விரைவில் கெடும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை வெப்பத்துக்கும் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. தகரக் கொட்டிலுக்குள் வைத்துவிட்டு இரண்டாம் வருடம் அழுவதில் பயனில்லை.

பற்றரியைச் சில்லு வைத்த பெட்டியில் இன்வேட்டரோடு பொருத்தினால் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் பாடசாலைக்கும் மாறி மாறிப் பாவிக்கலாம். யார் எப்போது எடுத்தது, எத்தனை சதவீதத்தில் திருப்பித் தந்தது என்று கொப்பியில் கையொப்பம் கட்டாயம். பாதியில் தந்தால் அடுத்தவர் பகலில் சார்ஜ் செய்ய நேரம் இருக்க வேண்டும்.

7. சமையலறை: முழுவதையும் மாற்றாதீர்கள்

இங்குள்ள வீடுகளில் பெரிய சமையல் மதியத்துக்கு, 10 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் நடக்கும். சோறு, பருப்பு, இரண்டு கறி, சொதி. சூரியன் உச்சிக்கு வரும் நேரமும் அதுவே. பாடசாலைப் பிள்ளைக்கு விடியக் கட்டிக்கொடுப்பதும் இரவுப் புட்டும் இடியப்பமும் சூரியன் இல்லாத நேரத்தில். எனவே எங்கள் தீர்மானம்: மதியம் கரண்டில், விடியலும் இரவும் காஸில். சிலிண்டர் கிட்டத்தட்ட இருமடங்கு நாள் போகும், பில் கூடுவது மாதம் 40 முதல் 50 யூனிட். விசிறியில் மிச்சம் பிடித்த 65 அதைச் சாப்பிட்டுவிடும். விசிறியை மாற்றாமல் அடுப்பை மட்டும் மாற்றினால் பில் அடுத்த கட்டணப் படிக்குத் தாவும், முழுப் பழியும் இன்டக்‌ஷன் மேல் விழும்.

2022 தட்டுப்பாட்டில் காஸ் வரிசையில் நின்ற குடும்பங்களுக்கு இரண்டு வகை அடுப்பு வைத்திருப்பதன் பயனைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

வாங்கும் முன் வீட்டுப் பாத்திரங்களைக் காந்தத்தால் சோதியுங்கள். அடியில் இறுக ஒட்டினால் இன்டக்‌ஷனில் வேலை செய்யும். அலுமினியப் புட்டுப்பானை, மண்சட்டி, பித்தளை எதுவும் ஒட்டாது. இரும்புத் தாச்சி ஒட்டும், ஆனால் அடி வளைந்திருந்தால் நடுப்புள்ளி மட்டும் சூடேறித் தாளிதம் கருகும். தட்டையான அடியுள்ள தாச்சி ஒன்றும் காந்தம் ஒட்டும் எவர்சில்வர்ப் பானை ஒன்றும் வாங்கினால் போதும். மீன்குழம்பு மண்சட்டியில்தான் என்பவரோடு வாதாட வேண்டாம், அது காஸிலேயே கொதிக்கட்டும். இன்ஃப்ராறெட் அடுப்பு எல்லாப் பாத்திரத்தையும் ஏற்கும். ஆனால் கரண்ட் கூடச் செலவாகும், அணைத்த பிறகும் கண்ணாடி சுடும், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நாங்கள் சொல்ல மாட்டோம்.

ரைஸ் குக்கர் அரைக் கிலோ அரிசிக்குக் கால் யூனிட்டுக்குச் சற்று மேல் எடுக்கும். சோறு வெந்தவுடன் பிளக்கைக் கழற்ற வேண்டும், சூடாக வைக்கும் நிலையில் இரவு வரை விட்டால் மிச்சம் பிடித்தது போய்விடும். பருப்பு, கடலை, இறைச்சி எல்லாவற்றுக்கும் பிறஷர் குக்கர். பின்நேரத் தேநீருக்கு 3 மணிக்கே இரண்டு லீற்றர் கொதிக்க வைத்துச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றினால் இரவு வரை தாங்கும், செலவு 0.2 யூனிட்.

இன்டக்‌ஷன் ஏன் கெடுகிறது? பெரும்பாலும் எறும்பும் பல்லியும். சூடான பலகைக்குள் போய்க் கூடு வைக்கும், மின்முனைகளுக்குக் குறுக்கே விழும். பாவித்து முடிந்ததும் துடைத்து, அடியில் உள்ள காற்று வாசலால் அவை நுழையாதபடி அடுப்பை நைலோன் வலைப் பெட்டிக்குள் வையுங்கள். உப்புக்காற்று வரும் யன்னலோரம் வைக்க வேண்டாம். அடுப்பின் விசிறி நிற்கும் முன் சுவரில் சுவிச்சை அணைப்பதும் பலகையைக் கொல்லும்.

விறகில் சமைக்கும் வீட்டுக்கு இன்டக்‌ஷனைத் திணிக்காதீர்கள். விறகைக் குறைவாக எரிக்கும் அனகி களிமண் அடுப்பும் புகை போக்கும் வழியும் அங்கே முதல் படி. மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கு எங்காவது எஞ்சியிருந்தால் சோலார் லாந்தர் உடனே கொடுக்க வேண்டும், அதற்குக் கணக்கே தேவையில்லை.

அன்னதான மடம்? விடுங்கள். 200 பேருக்குச் சமைக்க 5 முதல் 8 கிலோவாட் வணிக இன்டக்‌ஷனும் மூன்றுகட்ட இணைப்பும் வேண்டும். வருடத்தில் சில நாள் பாவிக்கும் அடுப்புக்கு அந்தக் காசு வீண்.

8. கூரை

5 கிலோவாட்டுக்கு 550 வாட் பனல் ஒன்பது. ஒன்று 2.6 சதுர மீற்றர், 28 கிலோ அளவில் நிறை. நடைபாதையோடு சேர்த்து 30 சதுர மீற்றர் நிழலில்லாத இடம் வேண்டும். தெற்கு நோக்கி 10 பாகைச் சரிவு. அதிலும் தட்டையாகப் போட்டால் மழைநீர் ஓடாமல் கீழ் விளிம்பில் சேறு படியும். ஒரு கிலோவாட்டுக்குச் சராசரி நாளுக்கு 4 யூனிட் என்று போடலாம், 5 கிலோவாட்டுக்கு மாதம் 600. நவம்பர், டிசம்பர் வாடை மாதங்களில் இது நன்றாக விழும், மார்ச் முதல் செப்டெம்பர் வரை ஈடுகட்டும்.

பொதுக்கட்டடங்களில் எதற்கு முதலிடம்? பகலில் ஆள் உள்ள கட்டடத்துக்கு. பாடசாலைக்கும் பிரதேச வைத்தியசாலைக்கும் சூரியனோடு நேரம் பொருந்தும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ உச்சி வெயிலில் நடப்பதால் பள்ளிவாசலின் விசிறியும் ஏசியும் அன்று நேரடியாகக் கூரையில் ஓடும். கோயிலுக்கு மாலைப் பூசையே பெரிய சுமை, அங்கே முதலில் பற்றரியும் எல்.ஈ.டி.யும்.

திருகோணமலைக் கூரையில் பனலைவிடச் சட்டமே முக்கியம். டிசம்பர் 2000இல் இங்கே கரையேறிய சூறாவளியும் 2020 டிசம்பரில் குச்சவெளிப் பக்கம் வந்த புரேவியும் மறக்கக் கூடியவை அல்ல. பனலைக் கூரை விளிம்பிலிருந்து குறைந்தது 40 சென்ரிமீற்றர் உள்ளே வையுங்கள், விளிம்பில்தான் காற்று தூக்கும். அனோடைஸ் செய்த அலுமினியத் தண்டவாளம், 316 தர எவர்சில்வர் போல்ற்று. சாதாரண நாகம் பூசிய திருகாணி கடற்கரையில் இரண்டு வருடத்தில் துருவாக வடியும். போல்ற்றுகள் சீற்றோடு நிற்காமல் கீழேயுள்ள மரச் சட்டத்திலோ இரும்பிலோ பிடிக்க வேண்டும். அஸ்பெஸ்ரஸ் சீற் என்றால் துளை போடாதீர்கள், மேலே நடக்காதீர்கள். தூசி நுரையீரலுக்கு ஆகாது, பழைய சீற் ஆளோடு உடையும். கூரையை மாற்றிய பிறகு, இல்லாவிட்டால் முற்றத்தில் நிழற்கொட்டிலாகப் பனலை நிறுத்தலாம்.

விலைமனுவில் இவை எழுத்தில் இல்லாவிட்டால் ஒப்பிடாதீர்கள்: பனலின் மாதிரி எண், இன்வேட்டர் உத்தரவாதம் எத்தனை வருடம், பழுதானால் மாற்று இன்வேட்டர் எத்தனை நாளில், 4 சதுர மி.மீ. சோலார்க் கேபிள், இரு முனையும் ஒரே தயாரிப்பாளரின் எம்.சி.4 இணைப்பிகள், பனலிலிருந்து வரும் நேர்மின் (டி.சி.) பக்கத்திலும் வீட்டுக்குப் போகும் மாறுமின் பக்கத்திலும் மின்னல் காப்பு, நேர்மின் துண்டிப்புச் சுவிச், தனி ஏர்த். எம்.சி.4 இரண்டு கம்பனியுடையதைக் கலந்து பொருத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. பார்க்கப் பொருந்தும், உள்ளே தளர்ந்து சூடேறி எரியும். இன்வேட்டரை வடக்கு அல்லது கிழக்குச் சுவரில் நிழலில் மாட்டுங்கள், மேற்கு வெயிலில் தொங்கினால் பகல் 2 மணிக்குத் தானாக உற்பத்தியைக் குறைக்கும்.

இரண்டு விடயத்தை ஒப்பந்தத்துக்கு முன் எல்லா வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். ஒன்று, பற்றரியில்லாத கூரைச் சோலார் கரண்ட் போனால் தானும் நிற்கும். கம்பியில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். இரண்டு, ஒரே டிரான்ஸ்போமரில் பலர் பனல் போட்டால் நடுப்பகலில் வோல்டேஜ் ஏறி 250ஐத் தாண்டும், இன்வேட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழும். முதலில் விழுவது கம்பியின் கடைசி வீட்டுக்காரருடையது, காசு கட்டியும் அவருக்கே நட்டம். இதனால்தான் டிரான்ஸ்போமரால் எல்லை போடச் சொன்னோம். யார் எந்தக் கட்டத்தில் (பேஸில்) இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்து, மூன்று கட்டத்துக்கும் சமமாகப் பனல் பகிருங்கள். வீட்டுக்கு 5 என்று அடம் பிடிக்காமல் 2, 3 கிலோவாட்டில் நில்லுங்கள்.

நெற் மீற்றரிங்கில் உபரி யூனிட்டாகவே கணக்கில் சேரும், காசு வராது. நெற் அக்கவுண்டிங்கில் உபரிக்குக் காசு. நெற் பிளஸ்ஸில் உற்பத்தி முழுவதும் விற்பனைக்கு. 2016இல் அரசின் கூரைச் சோலார்த் திட்டமான சூரிய பல சங்கிராமம் தொடங்கிய பின் கொள்விலை பலமுறை மாறிவிட்டது. அயலவர் பழைய ஒப்பந்தத்தில் வாங்கும் விலையை வைத்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள்.

9. காசு

சீட்டு எங்களுக்குப் புதிதல்ல. 20 வீடு சேர்ந்து மாதம் ஒரு தொகை போட்டால், முதல் சுற்று விசிறிக்கும் ட்ரிப் சுவிச்சுக்கும், இரண்டாவது சுற்று அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் போதும். எடுக்கும் ஒழுங்கைக் குலுக்கலில் விடாமல், வயரிங் சோதனை முடித்த வீட்டுக்கு முதலில் என்று விதி வையுங்கள். விசிறியை 80, அடுப்பை 20 என்று மொத்தமாகக் கேட்டால் கடைக்காரர் விலை இறக்குவார். இறக்கும் விலையைவிட உத்தரவாத அட்டையில் ஊரிலேயே திருத்தும் இடம் எழுதியிருக்கிறதா என்பது பெரிது. பனலுக்கு வங்கிக் கடன் எடுப்பவர், தவணையை ஜூலை உற்பத்தியை வைத்துப் போடாமல் டிசம்பர் உற்பத்தியை வைத்துப் போட வேண்டும்.

10. கணக்கும் பராமரிப்பும்

காபன் கணக்குக்கு ஒரு தாள் போதும். டீசல் லீற்றரை 2.7ஆல், மண்ணெண்ணெய் லீற்றரை 2.5ஆல், காஸ் கிலோவை 3ஆல் பெருக்குங்கள். ஏசிக்கு ஏற்றிய காஸ் கிலோவை 2,088 அல்லது 675ஆல். கரண்டுக்கு நிலைபெறுதகு வலு அதிகார சபை தன் வருடாந்த வலுச் சமநிலை அறிக்கையில் தரும் சராசரி எண்ணை எடுக்கலாம். ஆனால் உச்ச நேர யூனிட்டைத் தனி வரியில் எழுதுங்கள். மொத்த யூனிட் கூடி, உச்ச நேர யூனிட் குறைந்திருந்தால் வேலை சரியான பாதையில் போகிறது.

பனல் கழுவுவது காய்ந்த மாதங்களில் மாதம் ஒருமுறை, விடியற்காலை, நல்ல தண்ணீரில். வெயிலேறிய கண்ணாடியில் குளிர்நீர் ஊற்றினால் வெடிக்கலாம், சுண்ணாம்புக் கிணற்று நீர் காய்ந்தால் வெண்படலம் விடும். காக்கை எச்சம் ஒரு கலத்தை மறைத்தாலும் அந்த இடம் சூடேறிக் கறுக்கும், கண்டவுடன் துடையுங்கள். ஒக்டோபர் மழைக்கு முன் ஒவ்வொரு கூரையிலும் போல்ற்று இறுக்கம், எம்.சி.4 நிறம், மின்னல் காப்பின் காட்டி பச்சையா சிவப்பா என்று பார்க்க வேண்டும். சிவப்பென்றால் அந்தத் துண்டை மாற்றிய பிறகே மழைக்காலத்துக்குள் போகலாம்.